நுளம்புக்கு வந்தவ

பதிவேட்டில் ஒன்பதாம் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் மூன்று மாதம்.
வரவில்லை. வரவில்லை. வரவில்லை.
சவிரிமுத்து எமிலியான், வயது நாற்பத்தொன்று,
மாதம் ஒரு ஊசி.
விலாசம் எழுதும் இடத்தில்
எனக்கு முந்தியிருந்த மிஸ்ஸியின் சரிந்த கையெழுத்து:
'குருநகர். ஐஸ் கொம்பனிக்குப் பின் ஒழுங்கை.
நீலப் படலை. நாய் கடியாது.'

படலை இப்போது பச்சை.
அந்த நாய் செத்து வேறு நாய்.
இதைப் பற்றிக் குறிப்பு ஏதுமில்லை.

ஸ்கூட்டியை நிறுத்த முதல்
அவன் மனைவி றொசலின் ஓடி வந்து
ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரலில்,
"வாங்கோ, நுளம்புக்கே வந்தனீங்கள்?"
என்றுவிட்டுக் கண்ணால் கெஞ்சினா.
எதிர் வேலிக்கு மேலே ஒரு தலை.

பதினாறு வருஷத்தில்
பிரஷர் மிஸ்ஸியாய், சீனி வருத்த மிஸ்ஸியாய்,
ஒருமுறை சீட்டுக்காசு கேட்க வந்தவவாய்
படலைகள் தாண்டியிருக்கிறேன்.
"ஓம்" என்றேன். "பரல் எங்க கிடக்கு?"

கைபேசி வெளிச்சத்தை அடித்துக் குனிந்தேன்.
எப்போதோ பவுசர் நிரப்பிய தண்ணி.
வெளிச்சம் பட்டதும்
எழுத்துப் பழகாத பிள்ளை இறைத்த காற்புள்ளிகளாய்
நெளிந்து நெளிந்து கீழே போயின,
இருநூறாவது இருக்கும்.
நடிக்க வந்தவள் நான்.
புழுக்கள் நடிக்கவில்லை.

"ஐயோ, மெய்யாகவே கிடக்கு" என்றேன்.
றொசலின் சிரித்துவிட்டா,
பிறகு வாயைப் பொத்தினா.

அந்தச் சிரிப்புக்கோ, என் ஐயோவுக்கோ
உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன்
எழும்பி வந்தான். தாடி. சாரம் நெஞ்சுக்கு மேலே.
ஒன்றும் கேட்காமல் பரலை இரண்டு கையாலும் பிடித்து
ஒரு பக்கம் சரித்தான்.
முற்றம் முழுக்க வெள்ளம். என் செருப்பு மிதந்தது.
மூன்று கிழமையில் அவன் செய்த முதல் வேலை என்று
றொசலின் பிறகு சொன்னா.

குசினிக்குள் இருந்து கதைத்தோம்.
"ஏன் வரேல்லை, எமிலியான்?"
"ஊசி போட்டால் கை நடுங்குது, மிஸ்ஸி.
நடுங்கிற கையால வலை பொத்த ஏலாது."
"போடாட்டில்?"
கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தான்.
"பிடிச்ச மீனைத் திருப்பி விடச் சொல்லுது.
விட்டன். ஒரு பெட்டி பாரை.
பிறகு ஒருத்தரும் என்னைப் படகில ஏத்தேல்லை."

நடுக்கத்துக்குக் குளிசை இருக்கு,
அளவைக் குறைக்கலாமோ என்று டொக்டரைக் கேட்கலாம்.
இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் பிடித்தது.
இதைக் கேட்க அவனுக்கு மூன்று மாதம்.
குற்றம் யாருடையது என்று
பதிவேட்டில் பெட்டி இல்லை.

"போனமுறை எந்தப் பக்கம்?" என்று அவனே கேட்டான்.
புரட்டிப் பார்த்தேன். "வலது."
"அப்ப இடது" என்று திரும்பி நின்றான்.
நல்லெண்ணெயில் கரைத்த மருந்து,
மெதுவாகத்தான் இறங்கும், அவசரப்படுத்த ஏலாது.
வெளியே மாதா கோவில் மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கி
முடித்த பிறகுதான் ஊசியை எடுத்தேன்.

படலையால் வெளியே வர
எதிர் வேலித் தலைக்கு உடம்பு முளைத்திருந்தது.
"எங்கட பரலையும் ஒருக்காப் பாருங்கோவன்."

பின்னால் கூட்டிப் போனா.
பரல் கவிழ்ந்து கிடந்தது. காய்ந்து,
அடியில் ஒரு பூனை படுத்திருந்தது.
நான் பரலைப் பார்த்தேன்.
அவ என்னைப் பார்த்தா.

பிறகு வீட்டுக்குள்.
பூட்டிய அறைக்கதவுக்கு வெளியே கோப்பையில்
மூன்று இடியப்பம், தொடாமல்.
சொதி ஆடை கட்டியிருந்தது.
கோப்பையை மறைத்து நின்றுகொண்டு
குரலைத் தாழ்த்திக் கேட்டா:
"மிஸ்ஸி, நீங்கள் நுளம்புக்கு மட்டுமோ?"

இன்னும் நாலு வீடு கிடக்கு.
ஈரச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
அந்தக் கதவுக்கு முன்
நிலத்தில் இருந்தேன்.